இரண்டு குச்சிகளுக்கு நடுவே

மாசி, சனிக்கிழமை இரவு

என் வீட்டுக்காரர், இவர் இருந்திருந்தால் இன்று இவருக்குப் பிறந்தநாள். கடைசிவரை இவர் வேலை செய்த அந்தப் பழைய ஜப்பான்காரரின் சூஷிக் கடைக்கு மகள் என்னைக் கூட்டிப்போனாள். இத்தனை வருடத்தில் நான் அங்கே சாப்பிட்டதே இல்லை.

வயதான முதலாளி எங்களைத் தனக்கு முன்னாலேயே இருத்தி, தன் கையாலேயே செய்து வைத்தார். மகள் ஒரு மீன் துண்டைச் சாப்பிடும் குச்சியால் எடுத்து, "இந்தாங்கோ அம்மா" என்று நீட்டினாள். நானும் என் குச்சியால் பிடித்தேன். முதலாளி பதறிப்போய், "நோன், மதாம்!" என்று நடுவில் தட்டை நீட்டினார். பிறகு மகளிடம் பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் முகம் கறுத்துவிட்டது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை. சாப்பிடுங்கோ."

காரில்தான் சொன்னாள். "செத்தவையை எரிச்சாப் பிறகு, எலும்பைத்தான் ஜப்பான்காரர் அப்பிடிக் குச்சிக்குக் குச்சி மாத்துறவையாம். சொந்தக்காரர் எல்லாரும் நிண்டு எடுப்பினமாம்."

ஊரில் என்றால் எரித்த பிறகு காடாத்துக்கு ஆம்பிளைகள் சுடலைக்குப் போய் எலும்பு பொறுக்கிச் சட்டியில் கொண்டுவருவார்கள். இங்கே அதுவும் இல்லை. இவரை எரித்து, எலும்பையும் அரைத்து ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார்கள். பனி உருகினால்தான் ஆற்றில் கரைக்கலாம். பெட்டி அலமாரியில் இருக்கிறது.

முதலாளி பாவம், நல்லதுக்குத்தான் தடுத்தார். ஆனால் அவர் தட்டை நீட்டிய பிறகும் அந்தத் துண்டை நானும் விடவில்லை, மகளும் விடவில்லை.