மீன்பூனையின் அடிவயிறு

ஜூலை 9, செவ்வாய்

விடாத மழை. அலிப்பூர் வனத்துறை ஆபீஸ் வாசலில் முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போனால் கொட்டகையில் புது விருந்தாளி. மீன்பூனை, தண்ணீரில் மீன் பிடித்துத் தின்னும் காட்டுப்பூனை. இங்கே வங்காளிகள் மேச்சோ பிடால் என்கிறார்கள். கிழக்கே சதுப்பில் மீன் வளர்க்கும் நிமாய் பாபு, நேற்று ராத்திரி பொறியில் சிக்கியதைச் சாக்கு போர்த்தி அனுப்பியிருக்கிறார். உடம்பெல்லாம் சேறு. ஒரே சீற்றம்.

மிருக டாக்டராக என் வேலை, உடம்பைப் பார்த்துச் சொல்வது. நன்றாக இருந்தால் சதுப்பிலேயே விடலாம். இல்லையென்றால் சனிக்கிழமை லாரியில் வெளியூர் மிருகக்காட்சி சாலைக்கு. அப்புறம் ஆயுசுக்கும் கம்பிதான்.

பார்த்தவரை: பெட்டை. முதுகெலும்பு தெரிகிறது, இடுப்பெலும்பும். ஈறு வெளுப்பு (சீறும்போது பார்த்தது). பல் நன்று. மூச்சு வேகம், பயத்தில் யாருக்குத்தான் வேகமில்லை.

நாளை எடை. வெறும் வயிற்றில் பார்த்தால்தான் சரி. அதனால் இன்று தீனி கூடாது என்றேன். கூண்டைக் கவனிக்கும் ஹரிதாவுக்கு (ஹரி அண்ணன்; அவருக்கு நான் திதி, அக்கா) மனசே இல்லை.

"வீட்டுக்கு வந்தவளைப் பட்டினி போடறதா, திதி?"

"எடை பாத்ததும் போடுங்க ஹரிதா."

ஜூலை 10, புதன்

எடை நன்றாகவே குறைவு. எச்சத்தில் மீன் செதில், எலி முடி, கொஞ்சம் புழு. மீன் போட்டதும் மெல்லக்கூட இல்லை, விழுங்கிற்று. பிறகு கூண்டுக்குள் நடை. ஓயாத நடை.

எழுதிக் கொடுத்தேன்: மெலிவு, விடத் தகுதியில்லை. எங்கள் பெரியவர் தத்தா சார் உடனே கையெழுத்து. லாரிக்காரர்களுக்குத் தந்தியும் போயாயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில் கரியாஹாட் மார்க்கெட். உளுந்து, புளி. கடைக்கார அண்ணாச்சி வழக்கம்போல, "என்ன டாக்டரம்மா, ஒரேயடியா மெலிஞ்சு போயிட்டியளே! ஒடம்புக்குச் சொகமில்லையா?"

யாரைப் பார்த்தாலும் இதே பாட்டு. போன மாதம் என் வீட்டுக்காரரையும் இப்படித்தான் சொன்னார். இவரோ பேன்ட் பொத்தான் போட மூச்சைப் பிடிக்கிறார்!

பஸ்ஸில்தான் உறைத்தது. நான் மட்டும் என்ன செய்தேன்? கூண்டில் உட்கார்ந்து தின்று கொழுத்ததுகளையே பார்த்துப் பழகிய கண் என்னுடையது. ஓடி இரை பிடிப்பது அப்படியா இருக்கும்? ஆனால் ஈறு ஏன் வெளுப்பு? எரிச்சல்.

ஜூலை 11, வியாழன்

விடியும்போதே லோட் ஷெட்டிங், கரண்ட் இல்லை. புழுக்கம். கார்டன் ரீச் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "கூண்டுக்குள்ள நடக்கற மாதிரி நடக்காத சரோ, எனக்குத் தலை சுத்துது."

கொட்டகையில் ஹரிதா மீனை உயரத் தூக்கிக் காட்டினார். பூனை பின்னங்காலில் எழுந்து கம்பியைப் பற்றி நின்றது. அடிவயிறு இப்போதுதான் கண்ணில் பட்டது. சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. காம்புகளைச் சுற்றி முடியே இல்லை. குட்டிகள் சப்பித் தேய்ந்த இடம். பால் கட்டி வீங்கி, கம்பியில் ஒரு சொட்டு.

நோயில்லை. பால் கொடுத்து இளைத்த உடம்பு, அதில்தான் ஈறும் வெளுத்தது. சேற்றோடு பதுங்கி நடந்ததை மேலிருந்து பார்த்து எலும்பை எண்ணினேனே தவிர, வயிற்றைப் பார்க்கத் தோன்றவில்லை எனக்கு. போதாக்குறைக்குப் பட்டினி வேறு போட்டேன். குட்டிகள் எங்கோ நாணலுக்குள் கிடக்கின்றன. ஹரிதா முன்னாலேயே அழுதுவிட்டேன். போகட்டும்.

தத்தா சார்: "தகுதியில்லன்னு எழுதினது நீங்கதானே?"

"ஆமா சார். தப்பா எழுதிட்டேன்."

"தந்தி போயாச்சே."

"இன்னொரு தந்தி போகட்டும் சார். குட்டிங்களுக்கு நாம தந்தி அடிக்க முடியாது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜீப் சாயங்காலம் எனக்கு வேணும்" என்றார். அதுவரை ஜீப் எனக்கு, அதுதான் அனுமதி.

சதுப்பில், பிடித்த அதே கரை. நிமாய் பாபு கத்தல்: "புடிச்சுக் குடுத்ததைத் திரும்பக் கொண்டாந்து விடறீங்களே, இது நியாயமா?" கதவைத் தூக்கினோம். நாணல் கொஞ்சம் ஆடிற்று. அவ்வளவுதான்.

ஜூலை 12, வெள்ளி

மழை. எதிலும் கை ஓடவில்லை. சாம்பாரில் இரண்டு தடவை உப்பு. வீட்டுக்காரர் மோர் ஊற்றிக்கொண்டார்.

குட்டிகள் செத்துப் போயிருந்தால், இந்தப் பசிக்கு, தாய் பிடித்த மீனைக் கரையிலேயே தின்றுவிடும். உயிரோடு இருந்தால்தான் அவற்றுக்குத் தூக்கிக்கொண்டு போகும். இதை யாரிடம் கேட்பது? நிமாய் பாபு என் முகத்தில் முழிப்பாரா?

ஜூலை 13, சனி

லாரி வரவில்லை. நிமாய் பாபு வந்தார். சண்டைக்கு. வேட்டியெல்லாம் சேறு.

"உங்க பூனை என் பெரிய கட்லா மீனைத் தூக்கிடுச்சு!"

"கரையிலேயே தின்னுச்சா?"

"எங்க தின்னுச்சு? முழு மீனு! அப்படியே நாணலுக்குள்ள இழுத்துட்டுப் போயிருக்கு. சேத்துல தடம் கிடக்கு, வந்து பாருங்க!"

நாற்காலி இழுத்துப் போட்டேன். ஹரிதாவிடம் டீ சொன்னேன்.

"ஒரு வாய்கூடத் தின்னலையா?"

"இல்லைங்கறேன்ல!"

முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.