நான்காம் மாடிக்குப் போகும் பை

நான்காம் மாடி, தனி அறை
ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

எட்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். கிழித்துப் போடாமல் படி. என் எலும்பு மஜ்ஜை வேலைநிறுத்தம் செய்துவிட்டதாம், ரத்தமே ஊறவில்லை. இங்கே ஏறும் ஒவ்வொரு பையிலும் "சோதித்தவர்" என்ற இடத்தில் உன் கையெழுத்து. நீ கீழே ரத்த வங்கியில் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. ஒரு எட்டு மேலே வரக்கூடாதா? ஒரு நாள் சிவப்புப் பை, மறுநாள் மஞ்சள் பை. எது எதற்கு என்று கேட்டால் நர்ஸ் சிரிக்கிறார். பதிலை அவரிடமே கொடுத்தனுப்பு.

உன் தம்பி

ஜூன் 4

தம்பிக்கு,

சிவப்புப் பையில் சிவப்பணு. மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமப்பது அதுதான். அது குறைந்ததால்தான் கழிப்பறை வரை நடந்தாலே உனக்கு இரைக்கிறது. மஞ்சள் பையில் தட்டணு. ரத்தம் கசியும் இடத்தை ஓடிப்போய் அடைக்கும். ஐந்து நாள்தான் தாங்கும். அதுவரை குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவதுபோல் மெஷினில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது மிதக்கும் திரவம் பிளாஸ்மா. கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணுவை மட்டும் சுலபத்தில் பையில் அனுப்ப முடியாது. அதனால் யாரையும் அறைக்குள் விடாதே. என்னையும் சேர்த்துத்தான்.

ரத்த வங்கி, தரைத்தளம்

ஜூன் 11, காலை

அக்கா,

என் ஆபீஸில் பதினோரு பேர் ரத்தம் கொடுத்தார்கள். என்னைக் கண்டாலே ஆகாத மேனேஜர்கூட வந்து கை நீட்டினார். உனக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. நீ கொடுக்கவில்லை. "அவனுக்கு என் ரத்தம் ஒரு சொட்டுகூட ஏறக்கூடாது"ன்னு நர்ஸிடம் சொன்னாயாமே. உன் கல்யாணத்தன்று உன்னை வீட்டுக்குள் விடாமல் வாசலை மறித்துக்கொண்டு, "உனக்கும் எனக்கும் ஒரு சொட்டு ரத்த சம்பந்தம் கிடையாது"ன்னு நான் கத்தியதற்குப் பழி தீர்த்துவிட்டாய். இன்று வந்த மஞ்சள் பையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். ஈறில் ரத்தம் கசிகிறது. கசியட்டும்.

ஜூன் 11, பத்து நிமிஷம் கழித்து

அடேய் முட்டாள்,

அதே பை மறுபடி வருகிறது. முதலில் ஏற்றிக்கொள், அப்புறம் படி. இன்றோடு அதன் ஆயுள் முடிகிறது. என்னிடம் வேறு பை இல்லை.

நர்ஸிடம் சொன்னது நிஜம்தான். நீ இங்கே சேர்ந்த மறுநாளே, உனக்கு மஜ்ஜை கொடுக்க முடியுமா என்று பார்க்க என் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டேன். கொடுக்கப்போகிறவளின் ரத்தம் முன்கூட்டியே உனக்கு ஏறினால், உன் உடம்பு என்னை வேற்றாள் என்று அடையாளம் கண்டுகொள்ளும். பிறகு என் மஜ்ஜையை உள்ளேயே விடாமல் போகலாம். என்னை வாசலில் நிறுத்துவதுதான் உனக்குக் கைவந்த கலையாயிற்றே. பொருந்தாமல் போனால் நீ இடிந்துவிடுவாய் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பத்து நாளாகப் பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லையடா.

சற்றுமுன் முடிவு வந்தது. முழுப் பொருத்தம்.

என் மஜ்ஜை உன்னிடம் வேர் பிடித்துவிட்டால், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் என் வீட்டுப் பிள்ளைகள். பிளாஸ்மா மட்டும் உன் சொந்தச் சரக்கு. அதை வைத்துக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. டாக்டர் சொல்லும் நாளில் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுக்கக் குப்புறப் படுத்துக்கொள்வேன். இப்போதைக்கு அதை வாங்கிக்கொள்.

உன் அக்கா