ஜப்பான்காரி மலை இறங்குகிறாள்

ஏனுங்க என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய என் அன்பானவருக்கு,

ஏனுங்க, உங்கள் ஜப்பான்காரி, அதுதான் அந்தச் சிவப்புக் கார், மலை இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஓட்டிக்கொண்டு போவது நம் மகள் கீர்த்தனா. தனியாகப் போகிறாள். ஒண்டிக்கடை முக்கில் வண்டி திரும்பி மறைகிறவரை கடை வாசலில் நின்று கையாட்டினேன், சிரிக்கக்கூடச் செய்தேன். உள்ளே வந்து தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

போன் கையில் இருந்தால் அடித்துவிடுவேன். கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டிருப்பவளுக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தால் என்ன ஆகும்? அதனால் அதைப் பட்டன் டப்பாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஜாக்கெட் அளவு எழுதுகிற தாளில் உங்களுக்கு எழுதுகிறேன். அவள் அடிவாரம் போய்ச் சேர்ந்து கூப்பிடுகிறவரை எனக்கு வேறு வேலை ஓடாது. வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது. நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

போன ஐப்பசியில் நீங்கள் போய்ச் சேர்ந்தபோது துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், "அந்தக் காரை என்னங்க பண்ணப்போறீங்க?" என்றுதான் கேட்டார்கள். என்ன பண்ணப்போகிறேன் என்று என்னைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை ஷெட்டோடு பூட்டிச் சாவியை ஏரியில் எறிந்திருப்பேன். கீர்த்தனா முந்திக்கொண்டு சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்த வண்டி மேல் எனக்குப் பாசம் இல்லை என்று நினைக்காதீர்கள். எஸ்டேட் கைமாறியபோது பழைய முதலாளி, ஜீப் டிரைவரான உங்களுக்குப் போகிறபோக்கில் கொடுத்துவிட்டுப் போன வண்டி. காப்பி மூட்டைக்கு நடுவில் அது கிடந்த கிடப்பு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. தரைத்தகட்டைத் துரு தின்றுவிட்டதால் உள்ளே உட்கார்ந்தால் காலுக்குக் கீழே மண் தெரிந்தது. நீங்களோ தாஜ்மகாலைப் பார்த்தவர் மாதிரி நின்றீர்கள். "சுவிட்ச் போட்டா லைட்டு ரெண்டும் மேல எந்திரிக்கும் புள்ள" என்றீர்கள். பேட்டரியே இல்லை, எங்கே எந்திரிப்பது?

அப்புறம் எத்தனை வருஷம்! தகடு வெட்டி ஒட்டினீர்கள். ஒரு ரப்பர் வளையத்துக்காகக் கோயம்புத்தூர் பழைய இரும்புக் கடைகளையெல்லாம் சல்லடை போட்டுத் தேடினீர்கள். அங்கே கிடைக்காதது ஜப்பானிலிருந்து தபாலில் வந்தது. சீட்டு முழுக்க நான் தைத்தேன். அந்த ரெக்சினில் என் மிஷின் ஊசி ஒடிந்த கணக்கு எனக்குத்தான் தெரியும். கடைசியில் விளக்கு எந்திரித்தபோது இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. கண்ணடிக்கிறாள் என்று சொல்லி நீங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து லாட்ஜ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது எதற்கு மலை இறங்க வேண்டும் என்று கேட்பீர்கள். வண்டியின் ஆர்.சி. காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. சேலத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்காவிட்டால் அப்புறம் அதை ரோட்டில் எடுக்கவே முடியாது. ஷெட்டில் நின்று மறுபடி துருப்பிடிக்க வேண்டியதுதான். உங்கள் கூட்டாளி ஜீப் முருகேசன் வந்து நல்ல யோசனைதான் சொன்னார்.

"ஏனுங்கக்கா, லாரில ஏத்தி எறக்கிப்போடலாமுங்க. எதுக்குங்க புள்ளய அந்த வண்டில உடறீங்க?"

நான் தலையாட்டுவதற்குள் இவள் குறுக்கே வந்துவிட்டாள். "லாரில போறதுக்காங்மா அப்பா இத்தன வருசம் துரு சொரண்டுனாரு?" பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்றுதான் பேர், பிடிவாதம் முழுக்க உங்களுடையது.

சரி, முதலில் இங்கேயே ஓட்டிப் பார்ப்போம் என்று போன மாதம் சேர்வராயன் கோயிலுக்குக் கிளம்பினோம். கிளம்புமுன் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று உங்கள் அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றினாள். பாதி இருந்தது. கடையில் புதுசு வாங்கலாமே என்றேன். "அப்பா வாங்கி வெச்சதும்மா" என்றாள். நீங்கள் வைத்துவிட்டுப் போன திருகாணியைக்கூட நாங்கள் இடம் மாற்றவில்லை.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. குகைக்குள் குனிந்து போய்ச் சாமி கும்பிட்டோம். வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். இறங்கும்போதுதான் வினை. அவ்வளவு தாழ்வான வண்டியில் உட்கார்ந்தால் ரோடு நம் மடிக்குள் வருகிறது. "மெதுவா சாமி, மெதுவா" என்று கத்திக்கொண்டே வந்தேன். நான் கத்தக் கத்த அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. எதிரே ஒரு வேன், அதற்குப் பின்னால் பள்ளம்.

"அம்மா, பெடல் உள்ள போவுதுங்மா" என்றாள். சின்னக் குரல். அவள் ஐந்து வயதில் காய்ச்சலில் பேசிய குரல் அது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் கியரைக் குறைத்தாள், இன்ஜின் அலறியது, ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். வண்டி ஓர் எஸ்டேட் மண்மேட்டில் சாய்ந்து நின்றது. அடிபடவில்லை. சக்கரத்திலிருந்து ஒரு கருகல் வாடை வந்துகொண்டே இருந்தது. வேன்காரர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். இரண்டு பேரும் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதோம்.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவள் போய்ப் பெடலை அமுக்கிப் பார்த்தாள். நன்றாக நின்றது! பழையபடி கெட்டியாக, ஒன்றுமே நடக்காததுபோல. "சரியாப் போச்சுங்மா, போலாம்" என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பெடல் உள்ளே போனபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அது மேலே வந்த பிறகு பயந்தேன். போகவே கூடாது என்று வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். முருகேசன் வந்து ஜீப்பில் கட்டி இழுத்துப்போகும்வரை நகரவில்லை. வேடிக்கை பார்த்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஷெட்டில் பாட்டிலைப் பார்த்ததும் முருகேசனுக்குப் புரிந்துவிட்டது. "இது தொறந்து வெச்ச பாட்டலுங்கக்கா. நம்மூருப் பனிக்கு பிரேக் ஆயிலு தண்ணிய இழுத்துக்கும். சூடேறுனா உள்ளயே கொதிச்சு பெடலு தரைக்குப் போயிருமுங்க. ஆறுனா ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்கும்" என்றார். அவருக்கே குரல் இறங்கிவிட்டது. "அண்ணன் இருந்தா இத ஊத்த உட்டிருக்க மாட்டாருங்க" என்றும் சொன்னார்.

அந்த ஆயில் முழுவதையும் இறக்கினோம். டீ டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. புதுசு வாங்கி ஊற்றி, நாலு சக்கரத்துப் பிரேக் குழாயிலும் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினோம். அவள் கீழே படுத்துக் காற்று போகிற நிப்பிளைத் திறந்தாள், நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன். "அமுக்குங்கம்மா… புடிச்சுக்கங்க… உட்றாதீங்க" என்று கீழேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அவள் திருகை மூடுமுன் நான் காலை எடுத்துவிட்டால் காற்று உள்ளே போய்விடுமாம். அப்படி ஒரு அழுத்து அழுத்தினேன், மறுநாள் மிஷின் மிதிக்க முடியவில்லை. உங்கள் காலத்தில் இந்த வேலைக்கு அவளைத்தானே உட்கார வைப்பீர்கள், என்னை ஏன் ஒரு நாளும் கூப்பிடவில்லை?

அதன் பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிவில் இறக்கிப் பழகினாள். இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜினை வைத்தே வேகத்தைக் கட்டுப்படுத்தி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடப் பழகினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். இன்றைக்கும் போவதற்காகச் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வர வேண்டாங்மா. நீங்க பக்கத்துல உக்காந்து இல்லாத பிரேக்கக் கால்ல அமுக்கிட்டே வரீங்க. நான் ரோட்டப் பாக்காம உங்க காலத்தான் பாக்கறேன்."

உண்மைதானே. "பாத்துப் போயிட்டு வா கண்ணு" என்றேன்.

இப்போது வெளியே ஒரே பனி. ஏரிப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. சற்றுமுன் சேலம் பஸ் மேலே வந்தது. ஓடிப்போய்க் கண்டக்டரிடம், வழியில் சிவப்பாக ஒரு சின்ன கார் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பனில முன்னாடி போற லாரியே தெரியலீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஏன் கேட்டேன் என்று ஆகிவிட்டது. பார்க்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவள் இருபது வளைவையும் தாண்டிவிட்டாளா, இல்லை எங்காவது… வேண்டாம், எழுத மாட்டேன்.

யாரோ பிளவுஸ் கேட்டு வந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். எந்தப் பிளவுஸ் என்றுகூடத் தெரியவில்லை.

இருங்கள். போன் அடிக்கிறது.

ஏனுங்க, அவள்தான். பேசிவிட்டு மறுபடி எழுத உட்கார இவ்வளவு நேரம் ஆகிவிட்டது. தாள் நனைந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அடிவாரம் வந்துட்டேனுங்மா" என்றாள்.

"பிரேக்கு?"

"நல்லா நின்னுச்சுங்மா. ஆனாலும் பாதி வழில ஓரங்கட்டிட்டேன். பயமா இருந்துச்சு. சக்கரம் ஆறுற வரைக்கும் உக்காந்திருந்துட்டுத்தான் எறங்குனேன். அதான் லேட்டு. சிரிக்காதீங்கம்மா."

நான் எங்கே சிரிப்பது? பெடல் நன்றாக இருந்தபோதே பயந்து நிறுத்தியிருக்கிறாள். அதைக் கேட்டதும் எனக்கு உங்கள் மேல்தான் கோபம் வந்தது. இத்தனை மாதம் யாரிடமும் சொல்லாத கோபம்.

அன்றைக்கு ஷெட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வேர்த்துக் கொட்டியது. சேலத்துக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். ஒரு சோடா குடித்தீர்கள், கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. "சரியாப் போச்சு புள்ள, வாயுதான்" என்று சிரித்துவிட்டு மறுபடி ஸ்பேனரை எடுத்தீர்கள். வலி நின்றுவிட்டதே என்று நானும் நம்பிச் சோறாக்கப் போய்விட்டேன். மறுநாள் உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு இதே ரோட்டில்தான் இறங்கினோம். நீங்கள் திரும்பி ஏறவில்லை.

சாயங்காலம் அவள் மேலே ஏறி வருவாள். அதற்கும் பயந்துகொண்டுதான் இருப்பேன், வெட்கப்பட மாட்டேன். இனி நம் வீட்டில் யார் சரியாகிவிட்டது என்று சொன்னாலும் நம்பிக்கொண்டு சோறாக்கப் போக மாட்டேன். அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னால், எந்த வளைவாக இருந்தாலும் அவளோடு நின்றுவிட்டுப் போவேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஆனால் ஏனுங்க, அன்றைக்கு ஒரே ஒரு தடவை நீங்களும் பயந்திருக்கக் கூடாதா?

இன்னும் உங்களுக்காகவும் சேர்த்துப் பயப்படுகிற,
உங்கள் வீட்டுக்காரி,
கீர்த்தனாவின் அம்மா மல்லிகா