கப்பின் காதும் உங்கள் பெயரும்

அக்கா,

உடைந்த கப்பின் நீலக் காது ஒன்று என் மடியில் கிடக்கிறது. போன வாரம் கப்புக்கு மேல்பூச்சாகப் பூசும் கிளேஸ் வாளியைக் கிளறும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் எடுத்துக் கொடுத்து, "இதுக்கு ஏன் ரிமைம்பருன்னு பேரு? இங்கிலீஷுல அப்படி ஒரு வார்த்தையே இல்லியே. யாரு வச்சாங்க?" என்று கேட்டாள்.

"பெண்ணாடத்தக்கா."

"அது ஊரு பேரு. அவங்க பேரு என்னா?"

காதை வாங்கி மடியில் முடிந்துகொண்டு வாளிப் பக்கம் திரும்பிவிட்டேன்.

நாம் விருத்தாசலத்துப் பீங்கான் கொட்டகையில் சேர்ந்தது அறுபதுகளில். அங்கே காலடி வைத்ததுமே ஆளுக்கு அவரவர் ஊர்தான் பெயர். நான் குறிச்சிக்காரி, நீங்கள் பெண்ணாடத்தக்கா. வேகாத கிளேஸ் எல்லா வாளியிலும் கஞ்சி மாதிரி ஒன்றுபோலத்தான் இருக்கும். நீலமா பழுப்பா என்பது சூளையில் வெந்த பிறகுதான் தெரியும். ஒருநாள் வாளி மாறிப்போய், நீலமாக வரவேண்டிய ஜாடிகள் எல்லாம் பழுப்பாக வந்து நின்றன. சூப்பர்வைசர் குதித்தார். "ரிமெம்பர், ரிமெம்பருன்னு எத்தினி தடவ சொல்றது? மேலேருந்து ரிமைண்டர் மேல ரிமைண்டரா வருது!"

மறுநாள் நீங்கள் கழிவுக் குவியலில் உடைந்த கப்புகளின் காதுகளைப் பொறுக்கி, அந்தந்த நிறத்துக் காதை அந்தந்த வாளியில் கட்டித் தொங்கவிட்டீர்கள்.

"என்னக்கா இது?"

"சாரு ரெண்டு வார்த்தைய வச்சிக்கிட்டுக் கத்துறாரு. நான் ரெண்டையும் தண்ணி ஊத்திப் பெசஞ்சிட்டேன். இது ரிமைம்பரு."

கொட்டகையே சிரித்தது. கொஞ்ச நாளில் சூப்பர்வைசரும், "ரிமைம்பர் கட்டியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இப்போது பக்கத்துக் கொட்டகைகளிலும் அந்த வார்த்தைதான் புழங்குகிறது.

நீங்கள் மட்டும் யாரையும் ஊர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைத் தனலட்சுமி என்று முழுசாகக் கூப்பிடுவீர்கள். ஒருமுறை டீ குடிக்கும்போது, "எனக்கும் ஒரு பேரு இருக்குதுடி. ஒண்ணும் மோசமான பேரு இல்ல" என்று சிரித்தபடி அதைச் சொல்லவும் சொன்னீர்கள். நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது, சிரித்ததும் நினைவிருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. டீ ஆறிவிடும் என்ற கவலையில் இருந்திருப்பேன். போன வருடம் நீங்கள் இறந்த சேதி வந்தபோதுகூட, "பெண்ணாடத்தக்கா போயிட்டாங்களே" என்றுதான் அழுதேன்.

கேட்டுத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பெண்ணாடத்துக்குப் பஸ் ஏறினேன். உங்கள் மகன் என்னைப் பார்த்ததே இல்லை. கப்புக் கொட்டகையிலிருந்து வருகிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள், "தனலட்சுமி சித்திதானே? உள்ள வாங்க. ஒங்க குறிச்சி வூட்டுக் கெணத்தடியில எலுமிச்ச மரம் இருக்குதாமே, அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்றான்.

சுவரில் மாலை போட்ட உங்கள் படம். அதன் கீழே எழுத்து ஏதாவது இருக்காதா என்று திருடி மாதிரி பார்த்தேன். இல்லை. பெற்ற பிள்ளையிடம் போய் உன் அம்மா பெயர் என்ன என்று எப்படிக் கேட்பது? காப்பி கொடுத்தான். குடித்துவிட்டு, "போயிட்டு வரேம்பா" என்று எழுந்துவிட்டேன்.

பஸ் ஏற்றிவிட வந்தவன் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அம்மா அங்க ஏதோ ஒரு வார்த்த கண்டுபுடிச்சாங்களாமே சித்தி, இன்னும் சொல்றீங்களா?"

"தெனமும் சொல்றோம்பா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அது போதும் சித்தி. அங்க அம்மா பேரு நெலைச்சிடுச்சு" என்றான்.

நான் பஸ்ஸில் ஏறி, அவன் நிற்காத பக்கத்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு வெட்கத்தோடு நான் எந்த ஊரிலிருந்தும் திரும்பியதில்லை.

நாளைக்குப் புதுக் கயிறு போட்டு இந்தக் காதை வாளியில் கட்டிவிடுவேன். என்ன நிறம் என்று யாரும் தடுமாற மாட்டார்கள். இந்த மடலின் முதல் வரியில் 'அக்கா' என்பதற்கு முன்னால், ஒரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

தனலட்சுமி