நாடோவின் காதுகள்

எசிலான்கே முகாம்
19 ஏப்ரல் 2004

என் பாகிடெங், அக்கா ரெசியாத்தோவுக்கு,

தம்பி மெய்த்தாமெய் எழுதுவது. நானும் அம்மாவும் அம்மாவின் ஆடுகளும் சுகம். அங்கே நீ, பார்சலோய் மச்சான், மூன்று பிள்ளைகள், மாடு, கன்று எல்லாம் சுகமா?

மழை பிடித்துவிட்டது. வரிக்குதிரைகள் தண்ணீருக்காக ஒரே இடத்தில் நிற்க வேண்டியதில்லை என்று நாலா பக்கமும் போய்விட்டன. சிங்கங்களுக்கு இரை தேடுவது கஷ்டம். இந்த மாதங்களில்தான் அதுகளுக்கு நம் மாடுகள் ஞாபகம் வரும். வெளிச்சம் இருக்கும்போதே பட்டியை அடைத்துவிடுங்கள்.

எனக்கு அதே வேலைதான். காலையும் மாலையும் குன்றில் ஏறிப் பெட்டியைக் காதில் வைப்பது, சத்தம் அனுப்புகிற கழுத்துப்பட்டை போட்ட சிங்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று குறிப்பது, அந்தப் பக்கத்துப் பட்டிகளுக்கு ஆள் அனுப்பிச் சொல்வது.

நாடோ எப்படி இருக்கிறாள்? பால் குறையாமல் கொடுக்கிறாளா? மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் போகிறாள்? அந்தத் தொங்கு கொம்பு இப்போதும் கண்ணில் இடிக்கிறதா? சந்தை வண்டி டிரைவரிடம் பதில் கொடுத்துவிடு.

உன் பாகிடெங்,
மெய்த்தாமெய்


ஒல்கேரா
24 ஏப்ரல் 2004

என் பாகிடெங்குக்கு,

உன் மந்தைக்குப் புல் குறையாமல் இருக்கட்டும். கடிதம் வந்தது. பெரியவளைவிட்டுப் படிக்கச் சொல்லாமல் நானே படித்தேன். ஐந்து வகுப்பு படித்தது இதற்காவது ஆகிறதே.

எல்லாரும் சுகம். நாடோவும் சுகம். இரண்டு சுரைக்குடுக்கை நிறையக் கறக்கிறாள். கொம்பு இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அது எங்கே போகும்?

ஆனால் தம்பி, அரைப் பக்கக் கடிதத்தில் பெற்ற அம்மாவைப் பற்றி ஒரு வரி. பசுவைப் பற்றி நாலு கேள்வி. உன் மச்சானிடம் சொன்னேன். "உன் தம்பிக்கு முகாம்ல பால் இல்லாத டீ குடுக்கறாங்க போலிருக்கு, அதான் பசு ஞாபகம்" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

உன் பெரிய பிள்ளை பிறந்தபோது நான் தலைச்சுமை விறகோடு வந்தேன். என் பெரியவள் பிறந்தபோது நீ நாடோவை ஓட்டிக்கொண்டு வந்தாய், கிடாரியாக. அன்றைக்கு நமக்குள் பேர் மாறியது. பசு கொடுத்தவனும் வாங்கினவளும் சாகிறவரைக்கும் ஒருவரை ஒருவர் பாகிடெங் என்றுதான் கூப்பிட வேண்டும். நான் அதை ஒரு நாளும் மறந்தவள் இல்லை. நீ எதற்காக இப்போது ஞாபகப்படுத்துகிறாய் என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. வியாழக்கிழமை உங்கள் முகாம் வண்டி இங்கே வந்தது. உன்னோடு வேலை பார்க்கிற இரண்டு பேர் இறங்கினார்கள். பெரியவர்களிடம் வணக்கம் சொல்வதற்கு முன்னால் என் பிள்ளைகளிடம் போய் பிஸ்கட் நீட்டுகிறார்கள். "பாப்பா, உங்க வீட்ல எத்தனை செவப்பு மாடு?" என்று கேட்டார்களாம். என் சின்னவள், "எங்கப்பாகிட்ட கேளுங்க, எனக்குப் பத்துக்கு மேல எண்ணத் தெரியாது" என்று சொல்லிவிட்டு பிஸ்கட்டை வாங்கிக்கொண்டாள். பிழைக்கத் தெரிந்தவள். நேற்று பால் சுரையைப் போட்டு உடைத்தாள். அடிக்கக் கையை ஓங்கினேன். ஓடிப்போய் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி நீட்டிவிட்டாள். புல்லை நீட்டி மன்னிப்புக் கேட்டவளை எப்படி அடிப்பது? விட்டுவிட்டேன்.

அவர்களை நீ அனுப்பினாயா?

ரெசியாத்தோ


எசிலான்கே முகாம்
29 ஏப்ரல் 2004

பாகிடெங் அக்காவுக்கு,

கோபப்படாதே. அவர்களை நான் அனுப்பவில்லை, ஆபீசில் இருந்து அனுப்பினார்கள். எல்லாப் பட்டிக்கும் போகிறார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நாமெலோக் என்று நாங்கள் பேர் வைத்த பெண்சிங்கம் ஒன்று இருந்தது. ஆறு வருஷமாக எனக்குத் தெரியும். இந்த மாதம் பதினாறாம் தேதியில் இருந்து அவள் கழுத்துப்பட்டைச் சத்தம் ஒரே இடத்தில் இருந்து வந்தது. மூன்று நாள், அசையாமல். குட்டி போட்டிருப்பாள் என்று நினைத்து சந்தோஷமாகப் போனேன். உங்கள் ஒல்கேரா ஓடைக்கு இந்தப் பக்கம், முள்மரங்களுக்குள்ளே ஒரு செத்த சிவப்புப் பசு. பசுவைச் சுற்றி நாமெலோக், இரண்டு கழுதைப்புலிகள், பிணந்தின்னிக் கழுகுகள் இருபத்தேழு. எல்லாம் செத்து. கழுகுகள் அலகில் கறித் துண்டோடு அப்படியே கிடந்தன. பசுவின் சதையில் ஊதா நிறக் குருணை. சோளத்துப் பூச்சிக்குப் போடுகிற மருந்து.

பசுவுக்கு இரண்டு காதும் இல்லை. கடித்தது இல்லை அக்கா, கத்தியால் அறுத்தது. காது வெட்டைப் பார்த்தால் எந்த வீட்டு மாடு என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும், அதனால் அறுத்திருக்கிறார்கள். ஆனால் கொம்பை மறந்துவிட்டார்கள். இடது கொம்பு கண்ணுக்கு மேல் தொங்கியது.

நான் ஆபீசில் கொம்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். யாருடையது என்று எழுதவில்லை. நாடோ இரண்டு சுரை கறக்கிறாள் என்று நீ எழுதியிருப்பதால், அது வேறு பசு என்று வைத்துக்கொள்கிறேன்.

மச்சான் இந்த வருஷம் சோளம் போட்டிருக்கிறாரா?

உன் பாகிடெங்,
மெய்த்தாமெய்


ஒல்கேரா
3 மே 2004

தம்பி,

இந்தச் சமவெளியில் கொம்பு தொங்குகிற பசு ஒன்றுதான் இருக்கிறதா? நீ அம்மாவின் வயிற்றில் இருந்து வந்தாயா, அந்தக் காக்கிச் சட்டையில் இருந்து வந்தாயா? "வைத்துக்கொள்கிறேன்" என்கிறாய். அக்கா பொய் சொல்கிறாள் என்று நேராக எழுத உனக்குக் கை வரவில்லை.

சோளம் போட்டிருக்கிறார். ஒல்கேராவில் பாதிப் பேர் போட்டிருக்கிறார்கள். அதையும் எழுதிக்கொள்.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். போன வருஷம் இங்கே மரத்தடியில் கூட்டம் போட்டு நீ என்ன சொன்னாய்? எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "இனிமே யாரும் ஈட்டியத் தூக்க வேண்டாம். சிங்கம் உங்க பக்கம் வந்தா எம் பெட்டி சொல்லும், நான் ஆள அனுப்பறேன், நீங்க மாட்ட திருப்பி ஓட்டிக்கங்க." கிழவர் மொயினான் எழுந்து, "டேய், உம் பெட்டி தூங்கிட்டா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்று, "என் தம்பி சொன்னா சொன்னதுதான்" என்றேன். அத்தனை பேருக்கு முன்னால்.

ஏப்ரல் பதினாலாம் தேதி சாயங்காலம் உன் பெட்டி என்ன சொன்னது? நாமெலோக் எந்தப் பக்கம் இருந்தாள்? அன்றைக்கு ஒல்கேராவுக்கு ஓர் ஆளும் வரவில்லை.

இதற்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் சோளத்தைப் பற்றிக் கேள்.

ரெசியாத்தோ


எசிலான்கே முகாம்
8 மே 2004

அக்காவுக்கு,

பெட்டியில் எல்லா நாளும் சரியாகக் கேட்பதில்லை. மழை நாளில், மேட்டுக்கு அந்தப் பக்கம் சிங்கம் இறங்கிவிட்டால் ஒன்றும் கேட்காது. அந்தக் கதை இப்போது எதற்கு?

நிலைமை என் கையில் இல்லை. சந்தையில் மருந்து விற்கிறவர் மச்சான் வாங்கியதாகச் சொல்லிவிட்டார். உங்கள் பட்டியில் நாடோ இல்லை என்பதும் விசாரித்ததில் ஆபீசுக்குத் தெரிந்துவிட்டது. மச்சானைக் கூட்டிப்போக வருவார்கள். அவர் ஓட வேண்டாம். செய்ததை ஒத்துக்கொண்டால் நல்லது. அவருக்குச் சிங்கத்தின் மேல் எப்போதும் கோபம், நமக்குத் தெரியாததா? ஆனால் நாமெலோக்குக்கு இரண்டு குட்டிகள் இருந்தன அக்கா. தேடியும் கிடைக்காமல் புதருக்குள் நாலு நாள் கத்திக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் சத்தம் இல்லை.

உனக்குத் தெரியாமல்தான் அவர் இதைச் செய்திருப்பார் என்று நம்புகிறேன்.

மெய்த்தாமெய்


ஒல்கேரா
15 மே 2004

மெய்த்தாமெய்,

செவ்வாய்க்கிழமை அவரைக் கூட்டிப்போனார்கள். மாட்டுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே ஏற்றினார்கள். அவர் போகும்போது என்னைப் பார்த்து, "கவலப்படாத, உந்தம்பி நல்லவன், விசாரிச்சு விட்டுருவான்" என்றார். அந்த மனிதர் உன்மேல் இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார்.

அவர் செய்யவில்லை. நான் செய்தேன்.

பதினாலாம் தேதி மந்தை திரும்பியபோது நாடோ இல்லை. வயிற்றுக் கன்றோடு மெதுவாக நடக்கிறவள், பின்தங்கிவிட்டாள். விடிந்ததும் அவர் மந்தையோடு போனார். நான் மட்டும் ஓடைப் பக்கம் போய்த் தேடினேன். சிங்கம் கழுத்தில் கடித்து, வயிற்றைத் திறந்து பாதி தின்றுவிட்டுப் போயிருந்தது. கன்று வெளியே கிடந்தது. பிறக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது அதற்கு.

வீட்டுக்கு வந்தேன். சோளக் கொட்டகையில் இருந்து மருந்து டப்பாவை எடுத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மிச்சம் தின்ன அது திரும்பி வரும் என்று எனக்குத் தெரியும், நீதானே சொல்லிக் கொடுத்தாய்.

காதை அறுத்தது ஏன் தெரியுமா? எங்கள் பட்டியில் நம் அப்பா வீட்டு வெட்டு போட்ட காது அவளுக்கு மட்டும்தான். அந்த வெட்டைப் போட்டவன் நீ. நீ வந்து பார்த்தால் உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று அறுத்தேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரமாக இருந்தபோதும் உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் இருந்தது.

சிங்கம் சாகட்டும் என்றுதான் வைத்தேன். மற்றதை நான் நினைக்கவில்லை. போன வாரத்தில் இருந்து ஓடையில் ஒரு வரிக்குதிரை செத்துக் கிடக்கிறது. முன்னால் என்றால் மத்தியானத்துக்குள் கழுகு வந்து எலும்பாக்கிவிடும். எட்டு நாள் ஆகிறது, ஒரு கழுகு இறங்கவில்லை. நாற்றம் பட்டிவரை வருகிறது. தண்ணீரில் புழு. சின்னவள் மேலே பார்த்துவிட்டு, "அம்மா, பறவையெல்லாம் எங்க போச்சு?" என்கிறாள்.

இதை ஆபீசில் காட்டு. அவரை வெளியே விடச் சொல். நான் செய்ததற்கு இன்னொருவர் உள்ளே உட்கார்ந்திருக்க, இங்கே அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறவள் இல்லை நான்.

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். நீ இன்னும் சொல்லவில்லை.

ரெசியாத்தோ


எசிலான்கே முகாம்
18 மே 2004

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் கொடுத்துவிட்டேன். நாளை மச்சானை விடுகிறார்கள். நீ வெள்ளிக்கிழமை நீயாகவே முகாமுக்கு வந்துவிட வேண்டும். வண்டி அனுப்ப வேண்டாம், என் அக்கா நடந்து வருவாள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் உனக்காக நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். அந்தக் குட்டிகளின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆனால் நீ கேட்டதற்குப் பதில்.

பதினாலாம் தேதி சாயங்காலம் பெட்டியில் சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒல்கேரா ஓடைப் பக்கம், கிட்டத்தில். அன்றைக்கு நைரோபியில் இருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். சிங்கங்களை எப்படிக் காப்பாற்றுகிறோம் என்று நான் அவர்களுக்குப் பேசிக்கொண்டிருந்தேன். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. மழை வேறு. ஆள் அனுப்பலாம், காலையில் அனுப்பலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்றைய நோட்டில் 'சத்தம் இல்லை' என்று எழுதினேன். நேற்று அதை அடித்துவிட்டு உண்மையை எழுதி, உன் கடிதத்தோடு சேர்த்துக் கொடுத்தேன். என் வேலையைப் பற்றி வெள்ளிக்கிழமை அவர்களே சொல்வார்கள்.

இன்னொன்றும் நான் மறைத்தேன். பசுவைப் பார்த்த முதல் நாளே, கொம்பைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, அவள் நெற்றியைப் பார்த்தேன். ஒரு பிடி புல் வைத்திருந்தது. வாடிப்போயிருந்தது. விஷம் வைக்கிற ஆண்பிள்ளை எவனும் செத்த மாட்டிடம் மன்னிப்புக் கேட்டுப் புல் வைக்க மாட்டான். எனக்கு அப்போதே தெரியும். அந்தப் புல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், ரிப்போர்ட்டில் எழுதவில்லை. அப்புறம் நாடோ எப்படி இருக்கிறாள் என்று உனக்கு எழுதினேன். நீயே சொல்வாய் என்று பார்த்தேன். நீ சொல்லாதபோது, அது மச்சானாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் ஒரு பாவம்தான்.

இந்த உறைக்குள் ஒரு பிடி புல் வைத்திருக்கிறேன். நாடோவுக்கு நீ வைத்தது இல்லை, இன்று காலை நான் பிடுங்கியது. பச்சை. வருகிறபோது அது உன் கையில் இருந்தால், உன்னை நான் பாகிடெங் என்றே கூப்பிடுவேன். இல்லை என்றால் அக்கா என்று கூப்பிடுவேன். வாசலில் நிற்பேன்.

மெய்த்தாமெய்