சும்மா இறக்கிய அம்மன் பாட்டு

இறுப்பிட்டி,
கார்த்திகை 12.

அன்புள்ள மகன் துஷ்யந்தனுக்கு,

இங்கு நானும் அம்மாவும் எங்கள் மருந்துப் போத்தல்களும் சுகம், அங்கு நீயும் மருமகள் பிரியவதனியும் குளிருக்குத் தப்பிச் சுகமாயிருக்க நயினை அம்மனை வேண்டுகிறோம். நம் ஊர் வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு தீர்மானத்தை முதலில் அறியத்தருகிறேன். சனசமூக நிலையத்தார் ஞாயிறன்று கூடி, தேநீருக்கு முன்னும் பின்னும் ஆராய்ந்து, இனிமேல் பாட்டு இறுவட்டு (சீடி) வெளியீட்டில் சிறப்புப் பிரதி பெறுவோர் மேடையேறிக் கைத்தொலைபேசியை உயர்த்திக் காட்டினால் போதும் என்று ஏகமனதாக முடிவெடுத்துவிட்டார்கள். இதற்குக் காரணம் நீ என்பதால் குடும்பத்துக்கே பெருமை.

உன் மச்சாள் மனோகரி அம்மன் பாடல்களைப் பாடி இறுவட்டாக்கியது உனக்குத் தெரியும். வெளியீட்டில் காசு சேர்ந்தால் சங்கீத வகுப்பைத் தொடர்வது, சேராவிட்டால் கட்டாருக்கு வீட்டுவேலைக்குப் போவது என்று இருந்தாள், அதுவும் உனக்குத் தெரியும், சொன்னது நான்தான். நீயோ இசையை விற்பது பாவம் என்று இணையத்தில் இலவச வெளியீட்டகம் நடத்துகிறவன். வெளிநாட்டுச் சனம் கேட்க ஏற்றட்டுமா என்று கேட்டாய், அவளும் ஓம் என்றாள், விழாவுக்கு முதல்நாளே எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மேடையில் வாசிக்க வாழ்த்துச் செய்தியும் அனுப்பினாய். அறிவிப்பாளர் பிரதாபன் அதை உருக்கமாக வாசித்தார். இசை எல்லோருக்கும் பொது, காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள் என்ற இடத்தில் கைதட்டல் ஓயவில்லை. நம்மூரில் பாட்டுக்காக எவரும் இறுவட்டு வாங்குவதில்லை, ஒலிவாங்கியில் பெயர் வாசிக்கப்பட்டு, காசு உறையைக் கொடுத்துப் பிரதியை வாங்கிப் படமெடுக்கத்தான் வாங்குவார்கள் என்பதை நீ சுவிசில் மறந்துபோனாய். முதற்பிரதி பெறக் கொழும்பிலிருந்து வந்திருந்த மயில்வாகனம் முதலாளி எழும்பி, தம்பி, சும்மா இறக்கினாலும் என்ர பேரை மைக்கில வாசிப்பியளோ என்று கேட்டார். பிரதாபன் யோசியாமல், ஓம் அண்ணை, வாசிப்பம் என்றுவிட்டார். அதோடு சரி. அழைக்கப்பட்ட அத்தனை பேரும் பாட்டு இறக்கிய கைத்தொலைபேசியோடு ஏறினார்கள், பெயர் வாசிக்கப்பட்டது, படமும் எடுக்கப்பட்டது, உறைகள் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தன. நானும் மகனின் கொள்கைக்கு மாறாக நடக்கக்கூடாதென்று என் உறையைத் திருப்பிக் கொண்டுவந்தேன். அம்மா அந்தக் காசில் பாரைமீன் வாங்கினாள், நல்ல குழம்பு. மனோகரி மேடை ஓரத்தில் நின்று எல்லோருக்கும் கைகூப்பினாள். மச்சான் நல்லதுக்குத்தானே செய்தவர், மாமா என்று என்னிடம் சொன்னாள். சங்கீதம் படித்த நேரத்தில் ஏசப் பழகியிருக்கலாம். பெட்டிபெட்டியாய் மிஞ்சிய இறுவட்டுகளை அவள் தாய், உன் மாமி, ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயும் இடத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். அந்தப் பளபளப்புக்குக் காகம் கிட்ட வருவதில்லை.

நீ பழைய இசைத்தட்டுகளை ஏலத்தில் எடுத்துக் கையுறை போட்டுத்தான் தொடுவாயாம், தன்னையும் தொடவிடமாட்டாயாம் என்று பிரியவதனி அம்மாவிடம் சொன்னாள். நல்ல பழக்கம். செத்துப்போன வெள்ளைக்காரரின் பாட்டுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும், உயிரோடிருக்கும் சொந்தக்காரர் என்றால் கொள்கை போதும். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. அம்மாவின் கண் பரிசோதனையை மறந்துவிடாதே, தைக்கு முன் செய்யவேண்டுமாம். அம்மன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த மனமும் தரட்டும்.

என்றும் உன் நன்மையை நாடும் அப்பா,
வைத்திலிங்கம்

பி.கு. அடுத்த தொகுப்புக்கும் பாடித்தரும்படி மனோகரிக்கு நீ எழுதியதை மாமி காட்டினாள். அவள் போன புதன்கிழமை கட்டாருக்குப் போய்விட்டாள். வேலை செய்யும் வீட்டில் பாட அனுமதி இல்லை.