ஒரு வார்த்தைகூட மாற்றாமல்

என். ஆர். மொஹல்லா,
மைசூரு.
20 ஜனவரி 2025

அன்புள்ள ஷாரனுக்கு,

உன் அண்ணி மோலி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அனுப்ரியாவும் சுகம். உன் அண்ணனும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மெல்போர்னில் நீயும் உன் வீட்டாரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே இப்போது வெயில் காலமாமே. இங்கே காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் வாசலுக்குப் போக முடியவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நீ பதிவு செய்துகொள்வாய். சிரிக்காதே, நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்கு நேரமாகும் என்று தெரியும். ஆகட்டும். மெதுவாகப் படித்தால்தான் உறைக்கும்.

அனுப்ரியாவுக்கு மார்ச்சில் பியூசி பரீட்சை. கணக்கில் கொஞ்சம் பயப்படுகிறாள். நீ கொண்டுவந்த கேக் தீர்ந்துவிட்டது. அண்ணனுக்கு நீ வாங்கிவந்த சட்டை தோளில் தொங்குகிறது. அளவு பார்த்துத்தான் வாங்கினாய், உன் மேல் தப்பில்லை. நீ போன பிறகு அவர் இளைத்துவிட்டார். ஏன் இளைத்தார் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

கிறிஸ்மஸ் வாரத்தில் சபை மண்டபத்தில் உனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்களே, அதை நீ மறந்திருக்க மாட்டாய். பக்கவாதம் வந்தவர்களையும் தலையில் அடிபட்டவர்களையும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களிடம் பேசி, அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதி நம் வீட்டுப் பெண் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டாள் என்று பர்னபாஸ் பாஸ்டர் சால்வை போட்டார். உன் அண்ணனைச் சக்கர நாற்காலியோடு முன்வரிசையில் நீதான் உட்கார வைத்தாய். அவர் இடது கையால் தொடையில் தட்டிக் கைதட்டியதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. பெரியவர்களுக்கு இங்கிலீஷ் புரியாது, அதனால் அந்தப் பெண்கள் பேசிய தமிழிலேயே வாசிக்கிறேன் என்றாய். இங்கிலீஷ் எழுத்தில் எழுதிவைத்திருந்ததைப் பார்த்து வாசித்தாய்.

ஹனூர் பக்கத்து ராணியாம். விவசாயக் குடும்பமாம். டிராக்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு அவள் புருஷனுக்கு ஒரு பக்கம் விளங்காமல் போய்விட்டதாம். அந்த ராணி சொன்னதாக நீ வாசித்ததைத் திரும்ப எழுதுகிறேன். எனக்கு மனப்பாடம்.

“விரல் வேலை செய்யட்டும்னு அவரைக்கொட்டைய ஊறப்போட்டுப் பிதுக்கக் குடுப்பேன். சாயங்காலம் வரைக்கும் உக்காந்து பிதுக்குவாரு. எச்சி ஒழுகி அதுலயே விழும். அவரு அசந்தப்புறம் எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டு, மார்க்கெட்ல வாங்கின பருப்புல குழம்பு வெப்பேன். நீங்க பிதுக்கினதுதான், நல்லா இருக்கான்னு கேப்பேன். சின்னப் புள்ளையாட்டம் சிரிப்பாரு.”

இதற்கு நீ வைத்த தலைப்பு, அன்பு என்னும் நடிப்பு. கூட்டம் உச்சுக் கொட்டியது. பாஸ்டர் கண்ணை மூடி அந்த ராணிக்காக ஜெபம் செய்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

டிராக்டர் உன்னுடையது, ஹனூர் உன்னுடையது. பருப்பு என் வீட்டுப் பருப்பு. கேக் மேஜைக்கு அருகில் உன் கையைப் பிடித்து என்ன இது என்று கேட்டேன். “பேரெல்லாம் மாத்திட்டேனே அண்ணி, யாருக்குத் தெரியப் போகுது” என்றாய். யாருக்கும் தெரியவில்லை, உண்மைதான். மூன்று வருஷமாக மார்கழிக்கு மார்கழி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு பருப்புப் பிதுக்கிய ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரிந்தது. அவரைத்தானே நீ முன்வரிசையில் வைத்திருந்தாய்.

  மறுநாள் ஊறவைத்த அவரையைக் கொண்டுபோய் வைத்தேன். இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சொல்லாக இழுத்து இழுத்துக் கேட்டார்.

“எல்லாத்தையுமா... கொட்டுன?”

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவரும் திரும்பக் கேட்கவில்லை. அன்று மூடிய வலது கை இன்னும் மூடியே இருக்கிறது. அஷ்வினி வந்து பார்த்துவிட்டு, விரல்கள் இப்படியே இறுகிப்போனால் பிறகு பிரிப்பது கஷ்டம், சாரை யார் என்ன சொன்னீர்கள் என்று என்னைக் கேட்டாள். பிசியோதெரபி படித்த பெண், அவளுக்கு எலும்பும் நரம்பும் தெரியும். நம் வீட்டுக் கதை தெரியாது. சாப்பாடும் குறைந்துவிட்டது. நான் தட்டைக் கொண்டுபோனால், இதில் எதை ஏமாற்றியிருக்கிறாள் என்கிற மாதிரி முதலில் தட்டைப் பார்க்கிறார். அனுப்ரியா கொண்டுபோனால் நாலு வாய் தின்கிறார். இருபது வருஷம் என் கையால் தின்ற மனிதர், ஷாரன்.

அந்த முதல் வருஷம் உனக்கு நினைவிருக்கிறதா? ஹெப்பாள் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் வேலையில் இருந்தபடியே சரிந்து விழுந்தார். வலது பக்கமும் போயிற்று, பேச்சும் போயிற்று. சின்னச் சின்னப் பொருளை எடுக்கப் பழக்குங்கள் என்று அஷ்வினி சொன்னாள். அவரைக்காய்ச் சீசன், பருப்புப் பிதுக்கச் சொல்லலாம் என்பது என் யோசனை. வீட்டுக்கு ஒரு வேலை செய்கிறோம் என்று அவருக்கும் ஒரு ரோஷம் வரும் என்று நினைத்தேன். வரவும் செய்தது. ஆனால் அப்போது அவர் பிதுக்கியது தோலும் பருப்புமாகக் கூழாகிக் கிடக்கும். அதைப் பிள்ளைக்கு எப்படிப் போடுவது? எனக்கே தொண்டையில் இறங்கவில்லை. இதை நான் என் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ லீவில் வந்து என் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். பூண்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்தாய். நான் வாயைத் திறக்கும் முன்பே நீ அழுதாய். நாத்தனார் அழுகிறாளே என்று நானும் அழுதேன், மனதிலிருந்ததையெல்லாம் கொட்டினேன். அப்போதே நீ சொன்னாய், சொன்னவர்களின் பேச்சில் ஒரு வார்த்தைகூட மாற்ற மாட்டோம், சொல்லாததைச் சேர்ப்பதைவிடப் பெரிய பாவம் எங்கள் தொழிலில் இல்லை, அப்படிச் செய்து மாட்டியவளை எந்தக் கல்லூரியும் வாசலில் சேர்க்காது என்று. எழுதி முடித்ததும் உங்களிடம் கொண்டுவந்து காட்டி, சரிதானா என்று கேட்ட பிறகுதான் வெளியே விடுவேன் என்றும் சொன்னாய். காட்டினாயா?

காட்டியிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருப்பேன். முதல் வருஷம் கொட்டினேன். இரண்டாம் வருஷம் நல்லதைப் பொறுக்கிப் பாதியைச் சேர்த்தேன். போன வருஷம் முழுக்க முழுக்க அவர் பிதுக்கியதுதான். ஒரு பருப்புகூட உடையாமல் வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. புது வருஷத்துக்கு ஆட்டுக்கறி போட்டு அந்தப் பருப்பில் குழம்பு வைத்து, பக்கத்து வீட்டு ரங்கம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். அவளைக் கூப்பிட்டு இதை உன் அண்ணனிடம் சொல்லச் சொல்லலாம். நம்புவாரா? மூன்றாம் வருஷம் தின்றோம் என்று சொல்ல வேண்டுமானால் முதல் வருஷம் கொட்டினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை ஒப்புக்கொண்டால் பிறகு நான் சொல்லும் எதை அவர் நம்புவார்? என்னை முதல் வருஷத்திலேயே நிறுத்திவைத்து அச்சடித்துவிட்டாய்.

எனக்கு உன் மேல் ஆத்திரம் ஆறவே இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு இந்த ஒரு மாதத்தில் புத்தி கூடித்தான் இருக்கிறது. பழியை ஆண்டவரிடம் விட்டுவிடம்மா என்று பாஸ்டர் சொல்வார். ஆண்டவருக்கு ஆயிரம் வேலை. இந்தச் சின்ன வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன்.

உன் அடுத்த ஆராய்ச்சிக்காக வியாழக்கிழமைகளில் ஒரு மாணவி ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் இல்லையா? புருஷனுக்குப் பயிற்சி முடியும்வரை வெளி பெஞ்சில் காத்திருக்கும் பெண்களிடம் பேச வேண்டும் என்று. பாவம், நல்ல பெண். நான் முந்திக்கொண்டு எல்லோரிடமும் ஒன்றே ஒன்று சொன்னேன், இங்கே நீங்கள் சொல்வதை ஒருநாள் உங்கள் புருஷன் மண்டபத்தில் உட்கார்ந்து கேட்பார் என்று. அதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. லிங்கம்மா ஒரு மணி நேரம் பஸ்ஸாரு குழம்பு வைக்கும் பக்குவம் சொன்னாளாம். சொர்ணலதா தக்காளி விலையைப் பற்றிப் பேசினாள். ராகி அரைக்கும் மிஷின் ரிப்பேரானதை இன்னொருத்தி விவரமாகச் சொல்லியிருக்கிறாள். உனக்கு வந்து சேர்ந்திருக்கும். ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதிக்கொள்.

இதோடு விட மாட்டேன். உன் புத்தகம் இணையத்தில் கிடைக்கிறது, அனுப்ரியா படித்துச் சொன்னாள். ராணியை ஆஸ்பத்திரி மூலமாக அறிமுகம் செய்துகொண்டதாக எழுதியிருக்கிறாய். சொந்த அண்ணனின் மனைவி என்று உன் பேராசிரியருக்குத் தெரியாது போலிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்ட தாளில், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றும், குறை இருந்தால் எழுதலாம் என்றும் விலாசத்தோடு போட்டிருக்கிறது. அனுப்ரியாவின் இங்கிலீஷ் நன்றாகவே இருக்கிறது. எழுதச் சொன்னால் எழுதுவாள்.

ஆனால் அது எனக்கு வேண்டாம். உன் பட்டத்தைப் பறித்து நான் எந்த அலமாரியில் வைப்பது? எனக்கு வேண்டியது வேறு.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அண்ணனை வீடியோவில் கூப்பிடு. நான் போனை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நீ சொல்ல வேண்டியது இதுதான்.

“அண்ணா, அந்தப் பருப்பு விஷயம் அண்ணி சொன்னதில்ல. நீ பிதுக்கறதப் பாத்தேன், மிச்சத்த நானே கட்டிச் சேத்துட்டேன். அண்ணி ஒருநாளும் கொட்டல.”

ஒரு வார்த்தைகூட மாற்றாதே. உன் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். என் தங்கச்சி டாக்டர் என்று வாய் குழறினாலும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அந்த வாயால் இனி அவர் அதைச் சொல்லக் கூடாது. உன்னை அவர் பார்க்கும்போது, என் தட்டை இப்போது எப்படிப் பார்க்கிறாரோ அப்படிப் பார்க்க வேண்டும். நீ அழுவாய். அழு. இந்த முறை உன்னோடு சேர்ந்து அழ நான் பக்கத்தில் இருக்க மாட்டேன்.

அவரை வரத்து குறைந்துகொண்டே வருகிறது. சிவராத்திரிக்குள் மார்க்கெட்டில் நின்றுவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக முந்தின நாளே ஒரு கிலோ உரித்து ஊறப்போட்டு வைப்பேன். நீ பேசி முடித்ததும் கிண்ணத்தை அவர் மடியில் வைப்பேன். அவர் கை திறக்க வேண்டும், ஷாரன். கூழாக வந்தாலும் சரி, எச்சில் விழுந்தாலும் சரி, இந்த முறை அதிலேயேதான் குழம்பு வைப்பேன். அவர் பார்க்க, முதல் கவளம் நான் தின்பேன்.

கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக. அந்த ஒரு நிமிஷத்துக்கு உன் நாக்குத் தடுமாறாமல் பார்த்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உன் அண்ணி
மோலி ஜேக்கப்